7 வருடமாக என்னிடம் இருக்கும் மல்டிமீட்டர்

2018-ல் 1,100 ரூபாய்க்கு, வோல்டேஜ், கரன்ட் எல்லாம் அளந்து எண்ணில் காட்டும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கினேன். அதுவரை வீட்டில் கரன்ட் கோளாறு எது வந்தாலும் கையில் டெஸ்டர் ஒன்றுதான். கரன்ட் இருக்கிறதா என்று மட்டும்தான் டெஸ்டர் சொல்லும். எங்கே அறுந்திருக்கிறது என்று சொல்லாது, சில நேரம் ஆளையே குழப்பிவிடும்.

அப்படித்தான் ஒரு மழைக்கால இரவில் ஹாலில் விளக்கு, ஃபேன், டிவி எதுவும் ஓடவில்லை. பிளக்கில் டெஸ்டரை வைத்தால் இரண்டு ஓட்டையிலும் எரிகிறது. "ரெண்டுலயும் வருதுன்னா ஷார்ட்டா இருக்கும்பா, தொடாதே" என்றார் அப்பா. ஷார்ட் என்றால் எம்.சி.பி. (கரன்ட் அதிகமானால் தானாக அணையும் ஸ்விட்ச்) விழுந்திருக்க வேண்டும், விழவில்லை. மீட்டரை வைத்தேன். லைனுக்கும் (கரன்ட் வரும் ஒயர்) எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட், லைனுக்கும் நியூட்ரலுக்கும் (கரன்ட் திரும்பிப் போகும் ஒயர்) நடுவே கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அப்படியென்றால் நியூட்ரல்தான் அறுந்திருக்கிறது. ஆன் செய்து வைத்திருந்த ஃபேன், விளக்கு வழியாக லைன் சுற்றி வந்து நியூட்ரல் ஓட்டையிலும் டெஸ்டரை எரிய வைத்திருக்கிறது. மெயினை அணைத்து ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால், நியூட்ரல் ஒயர்களை முறுக்கியிருந்த இடம் கருகிக் கிடந்தது. கருகியதை வெட்டி, புதிதாகச் சீவி, கனெக்டர் போட்டு இறுக்கினேன். அன்றைக்குத்தான் இந்த மீட்டர் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

ஃபேன் வேலைக்குத்தான் இதை அதிகம் எடுத்திருக்கிறேன். காற்றே வரவில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா புது ஃபேன் வாங்கக் கிளம்பிவிட்டார். கண்டென்சரைக் கழற்றி, அதில் மிச்சமிருக்கும் சார்ஜை இறக்கிவிட்டு அளந்தால், 2.5 மைக்ரோஃபேரட் என்று போட்டிருந்தது 1.4 காட்டியது. அதே அளவில் புதிதாக ஒன்று மாட்டியதும் ஃபேன் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. வாங்கும்போது கண்டென்சர் அளக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், எல்லா மீட்டரிலும் இருக்காது.

இன்வெர்ட்டர் பத்து நிமிடத்தில் அணைந்தபோது பேட்டரி போய்விட்டது என்றுதான் நினைத்தேன். லோடு ஓடும்போது பேட்டரியின் ஈய முனையில் அளந்தால் 12.2, அதன்மேல் மாட்டிய கிளாம்ப்பில் அளந்தால் 10.4. இடையில் பூத்திருந்த வெள்ளைப் பொடிதான் மிச்ச வோல்டேஜை விழுங்கியிருக்கிறது. கிளாம்ப்பைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் இறுக்கி வாஸ்லின் தடவினேன். அதே பேட்டரி இன்னும் இரண்டு வருடம் ஓடியது.

குறை இல்லாமல் இல்லை. கூடவே கொடுத்த ஒயர்கள் மூன்றாம் வருடமே கழுத்துப் பக்கம் வெடித்துவிட்டன. செம்பு தெரிகிற ஒயரோடு 230 வோல்ட்டைத் தொடவே கூடாது, உடனே மாற்றிவிட்டேன். உள்ளே 9 வோல்ட் பேட்டரி இறங்கினால் அளவு தப்பாகக் காட்டும், திரையில் பேட்டரி குறி வந்தாலே மாற்றிவிட வேண்டும். இன்னொன்று, சிவப்பு ஒயர் மீட்டரில் கரன்ட் அளக்கும் 10 ஆம்பியர் ஓட்டையில் இருக்கும்போது பிளக்கில் வைத்தால் நேராக ஷார்ட்தான். ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துவிட்டு, கரன்ட் இருக்கிற ஒரு பிளக்கில் மீட்டரைச் சோதித்த பிறகே வேலையைத் தொடங்குகிறேன்.

இப்போது மீட்டரின் நடுவிலுள்ள திருப்பும் குமிழ் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அடுத்து கிளாம்ப் மீட்டர் வாங்கப் போகிறேன். கிணற்று மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று ஒயரைக் கழற்றாமலே பார்க்க வேண்டியிருக்கிறது.