லேசர் கோட்டிங் போட்ட ராடு: 27 மாதம் கழித்து

உடுமலையில் நார்த்தூள் பிரஸ் வைத்திருக்கும் நண்பர் நேற்று போன் போட்டு, "ஏனுங்க, உங்க ராடுக்கு லேசர் போட்டீங்களே, உழைக்குதுங்களா?" என்று கேட்டார். நான்காவது முறையாக சீல் மாற்றிவிட்டு எண்ணெய்க் கையோடு நின்றிருந்தேன், வாயில் வந்ததைச் சொல்லி வைத்துவிட்டேன். இங்கே கொஞ்சம் நியாயமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

எங்களுடையது 5 கிலோ தென்னை நார்த்தூள் கட்டி அடிக்கும் ஹைட்ராலிக் பிரஸ். எண்ணெய் அழுத்தத்தில் ஓடித் தூளை அழுத்தும் தண்டுதான் ராடு, அதைச் சுற்றி எண்ணெய் கசியாமல் பிடிக்கும் வளையம்தான் சீல். தூளில் உப்பு இருப்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும், கழுவாத தூளில் கேட்கவே வேண்டாம். ராடு மேல் வழக்கமாக இருக்கும் ஹார்டு குரோம் பூச்சு பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் பூசும்போதே கண்ணுக்குத் தெரியாத விரிசல்களோடுதான் வருகிறது, தடிமனும் 20, 30 மைக்ரான்தான். உப்புத் தண்ணீர் அதன் வழியே இறங்கி அடி இரும்பை அரிக்க, மேலே குரோம் செதிலாக எழும்பி சீலைக் கிழிக்கும். எங்களுக்கு வருஷம் தவறாமல் இதே பாடு.

லேசரில் உலோகப் பவுடர் உருகி இரும்போடு இரும்பாகவே சேர்ந்துவிடுகிறது. 431 என்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பவுடர் போட்டோம், கிரைண்டிங் முடிந்து 0.7 மில்லிமீட்டர் நின்றது. ஆனால் அது இரண்டாவது முயற்சி. முதல் தடவை கிரைண்டிங் ஆனதும் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து வெள்ளை டெவலப்பர் அடித்துப் பார்த்தால், வேர் விட்ட மாதிரி சிவப்புக் கோடுகள், அத்தனையும் விரிசல். பட்டறைக்காரர் பவுடரைக் குறை சொன்னார், நான் அவரைச் சொன்னேன், மூன்று வாரம் போச்சு. ராடு ஈஎன் 8 என்கிற ரக இரும்பு, கார்பன் 0.4 சதவீதம். லேசர் படும் இடம் மட்டும் உருகி, சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை நொடியில் இழுத்துக்கொள்ள, சிவக்கக் காய்ச்சி தண்ணீரில் முக்கிய அரிவாள் மாதிரி அந்த இடம் விறைத்து வெடிக்கிறது. மறுபடி கடைந்தெடுத்து, இந்த முறை கேஸ் பர்னரில் 250 டிகிரிக்கு ராடைச் சுட்டுக்கொண்டே போட்டு, செராமிக் கம்பளி சுற்றி ராத்திரி முழுக்க ஆறவிட்டார்கள். பவுடர், மெஷின், ஆள் எல்லாம் அதேதான். ஒரு விரிசல் இல்லை.

அன்றிலிருந்து 27 மாதம். மழைக்காலத்தில் 40 நாள் பிரஸ் சும்மா நின்று, திறந்து பார்த்தபோது ராடில் ஒரு புள்ளி துரு இல்லை. துணியால் துடைத்ததும் மின்னியதைப் பார்த்து எங்கள் ஆபரேட்டர் சிரித்தே விட்டார்.

அப்புறம் இன்னொரு கோடு. காசு மிச்சம் பிடிக்க, "அடிபட்ட இடத்துக்கு மட்டும் போடுங்க" என்று நானேதான் சொன்னேன். லேசர் முடிந்து பழைய குரோம் தொடங்கும் இடத்தில் சுற்றிலும் ஒரு கோடு, அது சரியாக சீல் ஓடும் பாதையில். புதிதில் நகத்துக்குத் தட்டவில்லை. ஸ்டெயின்லெஸ் பக்கத்தில் இருந்தால் சாதா இரும்பு இன்னும் சீக்கிரம் அரிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆறாம் மாதம் குரோம் ஓரம் எழும்பியது, அதிலிருந்து சீல் கிட் வாங்குவதே வேலை. நூல் அளவு கோடு, தினமும் எண்ணெய் கசிவு, தூளில் எண்ணெய் பட்டால் அந்தக் கட்டியே வீண். ராடு ஓடும் முழு நீளத்துக்கும் போட்டு, ஓரம் சீலுக்கு வெளியே நிற்கிற மாதிரி அளவெடுத்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை என்று இப்போது அதே பட்டறைக்காரர் சொல்கிறார். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை!

இன்கோனல் 625 என்கிற நிக்கல் கலவை போடலாமா என்றும் நண்பர் கேட்டார். உப்புக்கு அது இன்னும் நன்றாகத் தாங்கும், ஆனால் 431 அளவுக்குக் கடினம் கிடையாது. தூளில் மணல் வருகிற இடத்தில் கீறல் விழும், விலையும் கூட.

சரி, தீர்ப்பு. லேசர் போட்ட பாகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை, குரோமுக்குக் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு கொடுத்ததும் வீண் போகவில்லை. ஆனாலும் நண்பரிடம், "பேசாமல் குரோமே போட்டுக்கோங்க" என்று சொன்னேன். வருஷத்துக்கு ஒரு தடவை உரியும், உரிந்தால் மாற்றலாம், யாரிடமும் மூன்று வாரம் சண்டை போட வேண்டியதில்லை. என் இரண்டாவது பிரஸ்ஸின் ராடு திங்கட்கிழமை லேசருக்குப் போகிறது, முழு நீளத்துக்கும். இதை அவரிடம் சொல்லவில்லை.