பத்தாம் கேமராவும் பைத்தானின் ‘ஐபிஅட்ரஸ்’ மாட்யூலும்

சென்னை புரசைவாக்கத்தில் உள்ள ஒரு ஜவுளிக்கடைக்கு, அங்குள்ள 24 கண்காணிப்புக் கேமராக்களும் இயங்குகின்றனவா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்துச் சொல்லும் சிறிய நிரல் ஒன்றைச் சென்ற ஆண்டு எழுதிக் கொடுத்தேன். கேமராக்களைப் பொருத்தியவர்கள் தந்த எக்செல் பட்டியலில் கேமராக்களின் வலையமைப்பு முகவரிகள் (ஐபி) 192.168.001.001 தொடங்கி 192.168.001.024 வரை இருந்தன. வரிசைப்படுத்தினால் ஒழுங்காக அமையட்டும் என்று ஒவ்வொரு பகுதியையும் மூன்று இலக்கமாகச் சுழி சேர்த்து எழுதியிருந்தார்கள். ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் லினக்ஸின் பிங் கட்டளைக்கு நான் அவற்றை அப்படியே கொடுத்துவிட்டேன். 8, 9, 18, 19 ஆகிய நான்கும் முதல் நாளிலிருந்தே கிடைக்கவில்லை. வயர் கோளாறு என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் கடை அண்ணாச்சி தொலைபேசியில் அழைத்து, “தம்பி, பத்தாம் நம்பர் கேமராவைக் கழட்டி ரெண்டு நாளாச்சு, உங்க புரோகிராம் மட்டும் அது ஓடுதுன்னே சொல்லுது” என்றார்.

காரணம் சி மொழிக் காலத்துப் பழக்கம். ‘இனெட் ஏட்டான்’ என்னும் பழைய செயற்கூறும் அதன் வழிவந்தவையும், சுழியில் தொடங்கும் எண்ணை எட்டின் அடிமானத்தில், அதாவது 0 முதல் 7 வரையுள்ள இலக்கங்களை மட்டும் கொண்ட முறையில், வாசிக்கின்றன. ஆகவே 010 என்பது 8 ஆகிவிடுகிறது. பத்தாம் கேமராவுக்குப் பதிலாக எட்டாம் கேமராவே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. 008 என்று எழுதினாலோ, எட்டின் அடிமானத்தில் 8 என்ற இலக்கமே கிடையாது என்பதால், அது முகவரியாகவே கொள்ளப்படுவதில்லை. அதே செயற்கூறு 127.1 என்பதையும் 2130706433 என்பதையும், கணினி தன்னையே குறிக்கும் 127.0.0.1 என்றே எடுத்துக்கொள்ளும்.

இதற்குப் பிறகுதான், ஐபி முகவரிகளைச் சரிபார்க்கப் பைத்தான் நிரல்மொழியில் உள்ள ‘ஐபிஅட்ரஸ்’ மாட்யூலை (ஆயத்த நிரல் தொகுப்பை) முறையாகச் சோதித்தேன். 2012-இல் வெளிவந்த பைத்தான் 3.3 முதல் மொழியுடனேயே வருவதால் தனியாக நிறுவவோ பணம் கட்டவோ தேவையில்லை. மேற்சொன்ன குறுக்கு வடிவங்களை எழுத்துச் சரமாகக் கொடுத்தால் ஒன்றைக்கூட அது ஏற்பதில்லை; எக்செல்லிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் ஓரத்து இடைவெளியைக்கூட மறுத்துவிடுகிறது. முதலில் எரிச்சலாக இருந்தாலும், இந்தப் பிடிவாதத்துக்காகவே இதைப் பரிந்துரைக்கிறேன்.

ஆனால் பதிப்பு எண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 3.8-இன் தொடக்கப் பதிப்புகளும் 3.9-இன் தொடக்கப் பதிப்புகளும் முன்னால் நிற்கும் சுழியைச் சத்தமின்றி விட்டுவிட்டு 010-ஐப் பத்து என்றே வாசித்தன. என் பட்டியலுக்கு அது பொருந்தியிருக்கும் என்றாலும், ஒரே சரத்தை மாட்யூல் ஒரு விதமாகவும் இயங்குதளம் வேறு விதமாகவும் வாசிப்பதுதான் உண்மையான ஆபத்து: 010.8.8.8 என்பதை உள் வலையமைப்பின் 10.8.8.8 என்று நினைத்து ஒரு வடிகட்டி அனுமதிக்க, இணைப்போ வெளியே 8.8.8.8-க்குப் போய்விடும். 2021-இல் இது பாதுகாப்புக் குறைபாடாகப் பதிவாகி, 3.9.5-இலும் 3.8.12-இலும் திருத்தப்பட்டது. கோ (Go) என்னும் நிரல்மொழியும் அதே ஆண்டு 1.17 பதிப்பில் இத்தகைய சுழிகளை மறுக்கத் தொடங்கியது.

எனக்குள்ள பெரிய குறை பிழைச்செய்தியைப் பற்றியது. ஐபிவி4 (மேலே கண்ட நான்கு பகுதி முகவரி), ஐபிவி6 (அதைவிட நீளமான புதிய வகை) என்னும் இரு வகை முகவரிகளையும் ஏற்கும் பொதுச் செயற்கூறிடம் 192.168.001.010-ஐக் கொடுத்தால், இது ஐபிவி4-ஆகவோ ஐபிவி6-ஆகவோ தோன்றவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. ஐபிவி4-க்கான வகுப்பை (class) நேரடியாக அழைத்தால்தான், முன்னால் சுழி வரக்கூடாது என்ற காரணம் தெரிகிறது. இன்னொரு குறை, எழுத்துச் சரத்துக்குப் பதில் வெறும் எண்ணைக் கொடுக்கும்போது தெரிந்தது: 4294967295 வரை ஐபிவி4 முகவரியாகக் கொள்ளும் அதே பொதுச் செயற்கூறு, அதற்கு மேல் ஒன்று கூடினாலும் மறுப்புச் சொல்லாமல் ஐபிவி6-க்குத் தாவிவிடுகிறது.

ஐபிவி6 பகுதியில் குறை காணவில்லை. 2001:0:0:1:0:0:0:1 என்பதை, இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 5952 சொல்வதுபோல் நீளமான சுழி வரிசையை மட்டும் சுருக்கி, 2001:0:0:1::1 என்று எழுதித் தருகிறது. வலையமைப்பாக 192.168.1.5/24 என்று கொடுத்தால் (/24 என்றால் முதல் மூன்று பகுதிகள் வலையமைப்பைக் குறிக்கும்), அது கருவியின் முகவரியே அன்றி வலையமைப்பின் தொடக்கம் அன்று என்று மறுக்கிறது.

தமிழர் என்ற முறையில் ஒரு சோதனையைச் செய்யாமல் இருக்க முடியவில்லை. பைத்தானின் எண்மாற்றி ‘௧௦’ என்பதைப் பத்து என்று மகிழ்ச்சியாகவே வாசிக்கும். ரெகெக்ஸ் என்னும் எழுத்து வடிவத் தேடலில் இலக்கத்தைத் தேடும் வழக்கமான குறியும் தமிழ் இலக்கங்களை ஏற்கும். ஆகவே நாமே கையால் எழுதும் சரிபார்ப்பில் ‘௧௯௨.௧௬௮.௧.௧௦’ எளிதாகத் தேறிவிடக்கூடும். இந்த மாட்யூல் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. நம் எண்களுக்கு இடமில்லையே என்று ஒரு கணம் வருந்தினாலும், இங்கே அதுதான் சரி.

சுழிகள் வெறும் அலங்காரம்தானா என்பதைப் பட்டியல் தந்தவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே அவற்றை நீக்கினேன். அதைத் தானாக ஊகிக்க நிரலுக்கு உரிமை இல்லை. இப்போது ஒவ்வொரு முகவரியும் ஐபிவி4 வகுப்பின் வழியாகச் சென்று, அது திருப்பித் தரும் வடிவமே பிங் கட்டளைக்குப் போகிறது. மாற்றிய அன்று 8, 9, 18, 19 ஆகிய நான்கும் பச்சையாயின. கழற்றி வைத்த பத்தாம் கேமரா முதன்முறையாகச் சிவப்பில் நின்றது.