கோமாட்சு பிசி200-8 மானிட்டர்: பழைய இயந்திரம் வாங்குவோர் பார்வையில் ஒரு மதிப்பீடு

பழைய எக்ஸ்கவேட்டர் வாங்க வருபவர்கள் பெரும்பாலும் பூம், ஆர்ம், செயின் ஆகியவற்றைப் பார்த்து, எஞ்சினை ஒருமுறை இயக்கிப் புகையின் நிறத்தைக் கவனித்துவிட்டு விலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். கோமாட்சு பிசி200-8 போன்ற, முழுவதும் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் காமன் ரெயில் எஞ்சின் (உயர் அழுத்த டீசலை ‘ரெயில்’ என்ற ஒரே பொதுக் குழாயில் தேக்கி எல்லாச் சிலிண்டர்களுக்கும் தருவது) கொண்ட இயந்திரத்துக்கு இது போதாது. இதன் 6.69 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினில் கோளாறு ஏற்பட்டால், அது பெரும்பாலும் கேபினுக்குள் இருக்கும் மானிட்டரில் முதலில் பதிவாகிவிடும். அந்த மானிட்டரின் பழுதறியும் வசதியை மட்டுமே இங்கு மதிப்பிடுகிறேன்.

இதன் முதல் சிறப்பு, வெளிக்கருவி எதுவும் தேவைப்படாததுதான். ஆப்பரேட்டர் காணும் சாதாரணத் திரையில் எச்சரிக்கைச் சின்னமும் சுருக்கமான ஒரு குறியீடும் மட்டுமே தோன்றும். ஆனால் எண் பொத்தான்களை உரிய வரிசையில் அழுத்திச் சர்வீஸ் மோடுக்குள் நுழைந்தால், மின்சாரக் கோளாறுகளும் இயந்திரக் கோளாறுகளும் தனித்தனிப் பட்டியலாக, எத்தனை முறை வந்தன, எத்தனை மணி நேர ஓட்டத்தில் வந்தன என்ற விவரத்தோடு கிடைக்கின்றன. விற்பவர்கள் மின்சாரக் கோளாறுப் பட்டியலை அழித்துவிட்டே இயந்திரத்தைக் காட்டுவது உண்டு. எஞ்சின் அதிகமாகச் சூடானது, ஆயில் அழுத்தம் குறைந்தது போன்றவற்றைத் தாங்கும் இயந்திரக் கோளாறுப் பட்டியலை அவ்வாறு அழிக்க முடியாது. வாங்குபவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இந்த மானிட்டரில் வேறில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

குறியீடுகளை எப்படிப் படிப்பது என்பதில்தான் பலருக்கும் பணம் வீணாகிறது. சிஏ144, சிஏ145 ஆகிய இரண்டும் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை சென்சாரைக் குறிப்பவை. முதலாவது ‘ஹை’ கோளாறு, இரண்டாவது ‘லோ’ கோளாறு. ‘ஹை’ என்றதும் எஞ்சின் சூடாகிவிட்டது என்று நினைத்து ரேடியேட்டரையும் தெர்மோஸ்டாட்டையும் கழற்றுபவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் அங்கே உயர்ந்திருப்பது சிக்னல் மின்னழுத்தம். எஞ்சின் சூடானதால் அது உயர்வதில்லை. வெப்பம் கூடக்கூட மின்தடை குறையும் வகைச் சென்சார் அது என்பதால், வயர் அறுந்தாலோ கனெக்டர் கழன்றாலோ மின்னழுத்தம் 5 வோல்ட்டை நெருங்கிவிடும். சிஏ145 வந்தால் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்: குறியீடு சிஏ144 ஆக மாறினால் வயரிங் நன்றாக இருக்கிறது, சென்சார்தான் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. மாறாமல் அப்படியே நின்றால் புதிய சென்சார் வாங்குவதில் பயனில்லை. கோளாறு வயரிங்கிலோ, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான கன்ட்ரோலரிலோ இருக்கிறது. இந்தச் சென்சார் கெட்டாலும் கன்ட்ரோலர் நிலையான ஒரு வெப்ப மதிப்பை வைத்துக்கொண்டு எஞ்சினை ஓட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே ‘ஓடுகிறதே, பிறகு பார்க்கலாம்’ என்று விட்டால், உண்மையான சூட்டை எஞ்சின் கன்ட்ரோலர் அறியாத நிலையில் வேலை நடக்கிறது என்று பொருள்.

சிஏ352 இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டியது. சென்சார்களுக்குச் செல்லும் 5 வோல்ட் சப்ளை குறைந்திருப்பதை அது காட்டுகிறது. ஒரே சப்ளையில் பல சென்சார்கள் இருப்பதால், ஒன்று ஷார்ட் ஆனாலும் மற்றவையும் பழுதானவைபோலக் குறியீடுகள் வரிசையாக வந்துவிடும். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் எல்லாச் சென்சார்களையும் வாங்குவதற்கு முன், ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றி, எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறது என்று மல்டிமீட்டரில் பார்த்தால் போதும். இந்தச் சோதனையை மானிட்டர் தானாகச் செய்து தருவதில்லை. எந்த கனெக்டர், எந்த வயர் என்றும் அது சொல்லாது. சர்வீஸ் கையேடு இல்லாமல் இந்த வசதியின் பாதிப் பயனைக்கூடப் பெற முடியாது என்பது இதன் பெரிய குறை.

ரெயில் அழுத்தம் சார்ந்த குறியீடுகளையும் பிரித்துப் பார்க்கவேண்டும். சிஏ451, சிஏ452 ஆகியவை ரெயில் பிரஷர் சென்சாரின் மின்சாரக் கோளாறுகள். சிஏ559 வேறு வகை: சென்சார் சரியாக அளந்துகொண்டிருக்கிறது, டீசல் அழுத்தம்தான் போதிய அளவில் எழவில்லை. அடைத்த ஃபில்டர், லைனில் காற்று இழுப்பு, பிரஷர் லிமிட்டரின் (அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் வால்வு) கசிவு, தேய்ந்த இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுவது), சப்ளை பம்ப் என்று காரணங்கள் எளியதிலிருந்து மிகச் செலவானது வரை நீளுகின்றன. இங்கே மானிட்டரின் நேரடி அளவுத் திரை மிகவும் கைகொடுக்கிறது. எஞ்சின் வேகம், ரெயில் அழுத்தம், பேட்டரி மின்னழுத்தம் ஆகியவற்றைச் சேர்த்து வைத்து, சுமை ஏற்றும்போது அழுத்தம் எப்படி நடந்துகொள்கிறது என்று கவனிக்கலாம். சிலிண்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கும் வசதியும் உண்டு. எதை நிறுத்தும்போது எஞ்சின் சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டரில் ஏற்கெனவே வேலை நடக்கவில்லை.

பட்டியல் காலியாக இருப்பதை மட்டும் நம்பி முன்பணம் கொடுத்துவிட வேண்டாம். எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டி, மண்ணை வெட்டி, மேல்பகுதியைச் சுழற்றி (ஸ்விங்), ஹைட்ராலிக் சுமையை முழுமையாகக் கொடுத்தபின் அதே பட்டியலை மீண்டும் திறந்து பாருங்கள். அதிர்விலும் சூட்டிலும் மட்டுமே விட்டுவிட்டு வரும் வயரிங் கோளாறுகள் அப்போதுதான் வெளிப்படும். சென்சார், வயரிங் குறியீடுகள் வந்தால் விலையைக் குறைத்துப் பேசி வாங்கலாம். சிஏ559 வந்து, ஃபில்டர் மாற்றிய பிறகும் திரும்ப வந்தால், இன்ஜெக்டர் ரிட்டர்ன் அளவை (இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பி வழியும் டீசலின் அளவு) சோதிக்காமல் அந்த இயந்திரத்துக்கு விலை சொல்லக்கூடாது.