அரை மணி நேர அறுவைக்கு எந்த மயக்க வாயு?

டான்சில், ஹெர்னியா, சின்னக் கட்டி அகற்றுவது போன்ற குறுகிய அறுவைகளில் நோயாளி சீக்கிரம் தூங்க வேண்டும், முடிந்ததும் சீக்கிரம் தெளிய வேண்டும். ரத்தத்தில் எவ்வளவு குறைவாகக் கரைகிறதோ, அவ்வளவு வேகமாக மயக்க வாயு வேலை செய்யும், வெளியேறும். இந்தக் கரைதிறன் டெஸ்ஃப்ளூரேனுக்கு 0.42, செவோஃப்ளூரேனுக்கு சுமார் 0.65, ஐசோஃப்ளூரேனுக்கு 1.4. பழைய ஹாலோத்தேனுக்கு 2.4, இதயத் துடிப்பைக் குழப்புவதாலும், அரிதாகக் கல்லீரலைக் கடுமையாகத் தாக்குவதாலும் அதை விட்டுவிடலாம்.

எண்ணை மட்டும் பார்த்தால் டெஸ்ஃப்ளூரேன்தான் முதலிடம். ஆனால் அது மூச்சுப்பாதையை எரிச்சலூட்டும். இருமல் வரும், மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், குரல்வளை இறுகிப்போகவும் கூடும். அதனால் மாஸ்க் வைத்துத் தூங்கவைக்க அது உதவாது. சுமார் 23 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் சூடேற்றும் தனி வேப்பரைசரும் (திரவ மயக்க மருந்தை ஆவியாக்கித் தரும் கருவி) வேண்டும். இத்தனைக்கும் கிடைக்கும் லாபம், சில நிமிடங்கள் முன்னதாகக் கண் விழிப்பது. பல மணி நேர அறுவையிலும் உடல் பருமன் அதிகமுள்ளவர்களிடமும் அந்த வேகம் நன்றாகத் தெரியும். அரை மணி நேரத்தில் உடல் கொழுப்பில் சேரும் வாயுவே கொஞ்சம்தான், அப்புறம் எதற்கு டெஸ்ஃப்ளூரேன்? வளிமண்டலத்தைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 2,500 மடங்கு; செவோஃப்ளூரேன் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல், மருத்துவரீதியாக வேறு வழியில்லாத இடத்தில் மட்டுமே டெஸ்ஃப்ளூரேனை அனுமதிக்கிறது. சரியான முடிவு.

என் தேர்வு செவோஃப்ளூரேன். நெடி உறுத்தாது, ஊசிக்குப் பயந்து அழும் குழந்தையைக்கூட மாஸ்க்கிலேயே தூங்கவைக்கலாம். அதன் குறை, சில குழந்தைகள் விழிக்கும்போது காரணமில்லாமல் கதறிக் கைகால் உதறுவது. பெற்றோரிடம் இதை முன்பே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பதறிப்போவார்கள்.

ஐசோஃப்ளூரேன் விலை குறைவு. ஊசியில் தூங்கவைத்துவிட்டு, முடியும் நேரம் பார்த்து முன்கூட்டியே குறைத்துக்கொண்டு வந்தால் பெரியவர்களுக்கு அதுவே போதும். பணம் இறுக்கமான மருத்துவமனையில் அது குறைவான தேர்வல்ல.

நைட்ரஸ் ஆக்சைடு துணைக்கு மட்டும்தான். தனியாக முழு மயக்கம் தராது, வாந்தியையும் கூட்டும்.

மயக்கத்தின்போது உடல் தாறுமாறாகச் சூடேறிய வரலாறு குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் செவோ, டெஸ், ஐசோ மூன்றுமே கூடாது. புரோபோஃபால் ஊசி வழிதான் பாதுகாப்பு. மயக்க மருத்துவர் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.