சீசன் காசில் வருடத்தை ஓட்டுவது: 2019இல் தொடங்கிய கொப்பிக் கணக்கு

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். மாதச் சம்பளம் வராத வீட்டுக்கு மாத பட்ஜெட் சரிவராது, வருடக் கணக்குத்தான் சரி. என் வீட்டுக்காரர் திருகோணமலை நிலாவெளியில் இருந்து புறாமலைத் தீவுக்குச் சுற்றுலாக்காரரை ஏற்றிப் படகு ஓட்டுகிறவர். சித்திரையில் இருந்து புரட்டாதி வரைக்கும் கையில் காசு புழங்கும், வாடை தொடங்கிவிட்டால் மாசி வரைக்கும் படகு கரையில்தான். நான் வீட்டில் தைக்கிறேன், அந்தக் காசு மீனுக்கும் மரக்கறிக்கும் காணும், அதற்கு மேல் காணாது. இப்படியான வீட்டுக்குள் வந்து யூடியூப்காரர் ஒருவர் "சம்பளத்தில் பாதி செலவுக்கு, இருபது வீதம் சேமிப்புக்கு" என்று சொன்னால், எந்தச் சம்பளம் தம்பி என்றுதான் கேட்க வேண்டும்.

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அந்த வருடச் சீசன் தொடங்க முன்னமே படுத்துவிட்டது. அப்போது தொடங்கியதுதான் இந்த முறை. படகில் வருகிற காசில் எண்ணெய், எஞ்சின் வேலை, கூலி எல்லாம் கழித்து மிச்சம் தனியாக ஒரு வங்கிக் கணக்குக்குப் போகும். அதில் இருந்து ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி ஒரே அளவு காசை வீட்டுச் செலவுக்கு எடுப்போம், ஆடியில் எவ்வளவு உழைத்தாலும் சரி, மார்கழியில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் சரி, அதே காசுதான். எவ்வளவு என்பதற்கு நான் வைத்த கணக்கு, போன வருடம் மொத்தமாக மிஞ்சியதைப் பன்னிரண்டால் பிரித்து அதிலும் கொஞ்சம் குறைத்தது. "உழைக்கிறது நான், சம்பளம் தாறது நீயோ?" என்று முதல் வருடம் கேட்டார். இப்போது கேட்பதில்லை.

இது எல்லா வருடமும் தாங்கியது என்று சொல்ல மாட்டேன். 2020 கொரோனாவில் பாதியிலேயே கணக்கு வற்றிவிட்டது. 2022இல் எண்ணெய் வரிசை. அந்த வருடம் புரட்டாதியில் கொழும்புக் கணக்கின்படி விலைவாசி முந்தைய வருடத்தைவிடக் கிட்டத்தட்ட 70 வீதம் கூட, சாப்பாட்டுச் சாமான் மட்டும் பார்த்தால் 95 வீதத்துக்குக் கிட்ட. மத்திய வங்கி சித்திரையில் ஒரே தடவையில் கொள்கை வட்டியை 7 வீதப் புள்ளியால் ஏற்றி, பிறகு நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேலும் தந்தார்கள், ஆனால் விலை அதைவிட எவ்வளவோ வேகமாக ஓடியது. அந்த நேரம் வீட்டுச் செலவு எழுதுகிற கொப்பியைப் புரட்டித்தான் எதை முதலில் நிறுத்துவது என்று பார்த்தோம். பால்மா முதலில் போனது.

போன் ஆப்பும் பாவித்துப் பார்த்தேன். நல்லதுதான், ஆனால் என் போனில் இருப்பது மாமிக்குத் தெரியாது, கடைக்குப் போகிற மகனுக்கும் தெரியாது. பிரிட்ஜுக்குப் பக்கத்தில் பேனையைக் கட்டித் தொங்கவிட்ட சீஆர் கொப்பி என்றால் யார் செலவழித்தாலும் அவரே எழுதுவார், மாமி வெற்றிலைக் காசைக்கூட எழுதுகிறா. ஆப்பை அழித்துவிட்டேன்.

கொப்பியால் கிடைத்த பெரிய லாபம் கரண்ட் பில்லில்தான். வீட்டுக் கரண்டுக்கு மாதம் 60 யூனிற்றுக்குள் நின்றால் ஒரு விலைப்பட்டியல், தாண்டினால் கூடின யூனிற்றுக்கு மட்டும் இல்லை, முதலாவது யூனிற்றில் இருந்தே வேறு பட்டியல், மாதக் கட்டணமும் ஏறும். 2022 ஆவணியில் 75 வீதமும் 2023 மாசியில் 66 வீதமும் கட்டணத்தைக் கூட்டிய பிறகு இந்த 60 என்ற எண் எனக்கு மனப்பாடம். ஞாயிறுதோறும் மீற்றரைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவேன். மூன்றாம் கிழமை 48ஐத் தாண்டியிருந்தால் அயன் பண்ணுவது ஒரே நாளில், தண்ணி மோட்டர் ஒரு தடவைதான். கச்சான் காற்று அடிக்கிற ஆனி ஆடியில் மட்டும் இந்தக் கணக்கு சரிவராது, ராத்திரி முழுக்க ஃபேன் ஓடாமல் யாரும் தூங்க முடியாது, அதற்காகப் பிள்ளைகளோடு சண்டை பிடிப்பதும் இல்லை.

அரிசி விசயத்தில் வருடக் கணக்கு நன்றாகவே உதவியது. தம்பலகாமம் பக்கம் சிறுபோகம் அறுக்கிறபோது எங்களுக்கும் சீசன் காசு கையில் இருக்கும், அப்போது நெல்லாக வாங்கி நன்றாகக் காய வைத்து அடுக்கினால் மாரி முழுக்க மில்லில் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்திக்கொள்ளலாம். எலிக்கு வழி பார்க்க வேண்டும், இடமும் வேண்டும். வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு இது சரிவரும் என்று சொல்ல மாட்டேன்.

சீட்டு. பத்துப் பேர், மாதம் 10,000, ஏலம் கேட்டுக் கழிப்பதும் இல்லை, குலுக்கலும் இல்லை, யாருக்கு எந்த மாதம் என்று தொடங்க முன்னமே பேசி முடிவு. எனக்கு எப்போதும் கார்த்திகை. மற்றவர்களுக்கு ஆவணிதான் வேணும், திருவிழா, கலியாணம் என்று, அதனால் கார்த்திகைக்குப் போட்டியே இல்லை. வட்டி இல்லாத காசு, லாபமும் இல்லை, ஆனால் படகு கரையில் இருக்கிற நேரத்தில் மொத்தமாக ஒரு இலட்சம் வருவதற்கு எந்த வங்கிச் சேமிப்பும் எனக்கு இந்தளவு உதவவில்லை. தெரியாதவர் பிடிக்கிற சீட்டில் மட்டும் சேராதீர்கள். எங்கள் ஒழுங்கையிலேயே ஒருவர் பாதிச் சீட்டில் வீட்டைக் காலி பண்ணிப் போனவர், அதில் எனக்கும் இரண்டு மாதக் காசு போனது.

நகை அடகு பற்றிக் கேட்டால், வங்கியில் வையுங்கள், வைக்கிற அன்றே மீட்கிற மாதத்தைக் கொப்பியில் எழுதுங்கள், எங்களுக்கு அது வைகாசி. வீடு தேடி வருகிற கிழமைக் கடன்காரரைவிட இது எவ்வளவோ மேல். மிஞ்சுகிற காசை நிலையான வைப்பில் போடுகிறவர்கள், மத்திய வங்கி அனுமதி உள்ள இடமா என்று பாருங்கள், வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைதான். 2025 சித்திரையில் இருந்து வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள், முன்பு 5. வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர்கள் அந்த வரியைப் பிடிக்காமல் இருக்க வங்கியில் சுயபிரகடனப் படிவத்தைக் கேட்டு வாங்கிக் கொடுக்கலாம், அவர்களாகத் தர மாட்டார்கள்.