யென் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு: வாங்கலாமா?

அடுத்த மாதம் நகோயா போகும் நண்பர் ஃபாரெக்ஸ் கார்டு, அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கிற கார்டு, எடுக்கலாமா என்று கேட்டார். போனில் ரெண்டு வார்த்தையில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதியே விடுகிறேன்.

கம்பெனி வேலையாகச் சில வருடங்களாக ஜப்பான் போய் வருகிறேன், கையில் எப்போதும் இந்தக் கார்டுதான். பணம் ஏற்றும் அன்று என்ன ரேட்டோ அதுதான், அப்புறம் யென் ஏறினாலும் இறங்கினாலும் நமக்குக் கவலை இல்லை. ஹோட்டலில், பெரிய கடைகளில் தகராறு இல்லாமல் போகிறது, செவன் இலெவன் ஏடிஎம்மில் இங்கிலீஷ் மெனு வந்து பணமும் வருகிறது. இதிலெல்லாம் குறை சொல்ல மாட்டேன்.

எரிச்சல், பில் போடும்போது மெஷின் கேட்கிற "ரூபாயா, யென்னா?" என்ற கேள்வியில்தான். நம்ம ஊர்க் கணக்கில் தொகை தெரிகிறதே என்று ரூபாயை அமுக்கினால் தீர்ந்தது. மெஷின்காரர்கள் தங்கள் ரேட்டைப் போட்டு, மேலே ஒரு கமிஷனும் வைத்து பில்லை ரூபாயாக்கி அனுப்புவார்கள். கார்டில் இருப்பதோ யென். வேறு கரன்சியில் செலவு செய்திருக்கிறாய் என்று கார்டு கொடுத்த வங்கியும் தன் பங்குக்கு 3.5 சதவீதம் வரை வெட்டும். போன தடவை ஒசாகாவில் ஒரு கடையில் கல்லாவில் இருந்தவர் என்னைக் கேட்காமலே ரூபாயை அமுக்கிவிட்டு, இரண்டு கையாலும் ஸ்லிப்பை நீட்டி, குனிந்து நன்றியும் சொன்னார். இவ்வளவு மரியாதையாகப் பணத்தைப் பிடுங்கினால் கோபம்கூட ஒழுங்காக வருவதில்லை. அங்கேயே கேன்சல் செய்து யென்னில் போடச் சொன்னேன், போட்டார்கள், அதற்கும் குனிந்தார்கள். கடையை விட்டு வெளியே வந்தபிறகு கவனித்திருந்தால் வங்கியோடு மெயில் சண்டைதான்.

ரொக்கமும் வேண்டும். ராமென் நூடுல்ஸ் கடை வாசலில் சாப்பாட்டு டிக்கெட் எடுக்கிற மெஷின் இருக்கும், பழசாக இருந்தால் 1,000 யென் நோட்டை மட்டும்தான் தின்னும், 2024 ஜூலையில் வந்த புது நோட்டைத் துப்புகிற மெஷினும் உண்டு. ஆனால் சாதாரணக் கடையில் ஒரு சோற்று உருண்டைக்கு 10,000 யென் நோட்டை நீட்டினாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், நம்ம பஸ் கண்டக்டரிடம் 500 ரூபாயை நீட்டிப் பழகியவனுக்கு அது சொர்க்கம். பணத்தைக் கையில் கொடுக்காமல் கல்லாப் பக்கத்துச் சின்னத் தட்டில் வையுங்கள். ஓட்டை போட்ட மஞ்சள் காசில் எண் எங்கே என்று தேடாதீர்கள், அது 5 யென். டிப்ஸ் வேண்டாம், மேஜையில் விட்டுவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று தெருவரை ஓடி வருவார்கள்.

மீட்டிங்கில் விசிட்டிங் கார்டை இரண்டு கையால், எழுத்து அவர் படிக்கிற மாதிரி திருப்பிக் கொடுங்கள். வாங்கியதை உடனே பைக்குள் போடாமல், அவர்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையிலேயே மேஜையில் அடுக்கினால் யார் யார் என்று உங்களுக்கும் குழப்பம் வராது. அதன் மேல் பேனா படவே கூடாது. சாப்பிட அழைத்தவர்கள்தான் பில் கொடுப்பார்கள், பர்ஸை எடுத்து மல்லுக்கட்ட வேண்டாம். ஸ்வீட் கொண்டுபோனால் தனித்தனியாகச் சுற்றியது நல்லது, ஆபீஸ் முழுக்கப் பங்கிடுவார்கள்.

கேட்டதற்குப் பதில்: இந்தக் கார்டு வேண்டாம். மிச்சப் பணத்தை ரூபாயாக்கப் போனால் அங்கேயும் வங்கி தன் ரேட்டில் கிள்ளும், மார்க்அப் (வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி வைக்கும் கூடுதல் கட்டணம்) இல்லாத கிரெடிட் கார்டு கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு போங்கள். என்னுடையது சீக்கிரம் காலாவதியாகிறது, புதுப்பிக்கச் சொல்லி எஸ்எம்எஸ் மேல் எஸ்எம்எஸ். அனேகமாகப் புதுப்பித்துவிடுவேன்.