குமிழியா, ஹைட்ரோமீட்டரா?

வீட்டில் முதல் முறை பீர் போடுகிறவர்கள், நொதித்தல் நடக்கிறதா என்று அறிய, பெரும்பாலும் ஏர்லாக்கைத்தான் (வாளியின் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத சிறு குழாய்) பார்த்துக்கொண்டிருப்பார்கள். குமிழி வந்தால் நிம்மதி, வராவிட்டால் கலக்கம். ஈஸ்ட் போட்டு 24 மணி நேரம் அசைவே இல்லை என்றாலும் பதற வேண்டாம். சில சமயம் 72 மணி நேரம்கூட ஆகும். வாளியின் மூடி சரியாக இறுகாவிட்டால் வாயு ஓரமாகக் கசிந்துவிடும். ஏர்லாக் சும்மா இருக்கும், உள்ளே நொதித்தல் ஜோராக நடக்கும். நேர்மாறும் உண்டு. பெங்களூரில் ஏப்ரல் மதியம் மொட்டைமாடி அறை சூடேறினால், நொதித்து முடிந்த பீரில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடும் வெளியேறிக் குமிழி விடும். குமிழியைப் பார்ப்பது செலவில்லாத வழிதான், ஆனால் சாட்சி சொல்ல லாயக்கில்லை. மேலே நுரைப்படலமோ, அது வடிந்தபின் வாளியில் ஒட்டிய பழுப்பு வளையமோ இருக்கிறதா என்று பார்ப்பது இதைவிட மேல்.

ஹைட்ரோமீட்டர், பால்காரரின் பால்மானிக்கு அண்ணன்; திரவத்தில் மிதந்து அதன் அடர்த்தியைக் காட்டும் (தண்ணீருக்கு 1.000). சர்க்கரை நொதிக்க நொதிக்க அளவு இறங்கும். ஈஸ்ட் போடும் முன்பே ஓர் அளவு எடுத்திருக்க வேண்டும். 1.048-ல் தொடங்கியது 1.020-க்கு இறங்கினால் வேலை நடக்கிறது, 1.010 அருகில் இரண்டு மூன்று நாள் அசையாமல் நின்றால் முடிந்தது. கருவியை ஒரு சுற்று சுழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒட்டிய குமிழிகள் அதைத் தூக்கிவிடும். அளந்ததைத் திரும்ப ஊற்றாதீர்கள், ருசி பார்த்துக்கொள்ளலாம். தினமும் திறந்து அளந்தால் கிருமி நுழையும்.

அதனால் முதல் வாரம் வாளியைத் தொடாதீர்கள். பாட்டிலில் அடைக்கும் முன் மட்டும் ஹைட்ரோமீட்டர் கட்டாயம். நொதிக்காத சர்க்கரை மிச்சமிருந்தால், அது பாட்டிலுக்குள் நொதித்து வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கக்கூடும்.